விலைவாசியோடு இணைந்த சேமிப்புப் பத்திரம் முதிர்ந்துவிட்டது: புதுப்பிப்பதா, பணத்தை எடுப்பதா?

பிரித்தானிய அரசின் சேமிப்பு அமைப்பான நேஷனல் சேவிங்ஸ் அண்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் (சுருக்கமாக என்எஸ்ஐ) விற்ற விலைவாசி இணைப்புச் சேமிப்புப் பத்திரங்கள் இன்னும் பல குடும்பங்களின் கையில் இருக்கின்றன. தவணை முடியும்போது ஒரு கடிதம் வரும். அதில் எல்லோரையும் குழப்புவது வட்டி பற்றிய வரி. விலைக் குறியீட்டின் உயர்வு, அதோடு 0.01 சதவீதம் என்று இருக்கும். 0.01 மட்டும் கண்ணில் பட்டவர்கள் "இவ்வளவு சொற்ப வட்டியா" என்று பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அந்த மாதப் பணவீக்கம் அதிகமாக இருப்பதைச் செய்தியில் பார்த்தவர்கள் யோசிக்காமல் புதுப்பிக்கிறார்கள். இரண்டு முடிவும் சரியாக அமையலாம், ஆனால் இரண்டுக்கும் சொல்லப்படும் காரணம் தவறு.

இந்த முடிவை எடுக்க மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: உங்கள் வட்டிக்கு எவ்வளவு வரி விழுகிறது, பணம் எப்போது தேவைப்படும், எடுத்துவிட்டால் பிறகு திரும்பச் சேர முடியுமா. அதற்குமுன் பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பத்திரத்தின் அடிப்படை

சாதாரண வங்கி வைப்பில் வட்டி விகிதம் முன்கூட்டியே தெரியும், அந்தப் பணத்தின் வாங்கும் சக்தி என்னவாகும் என்பது தெரியாது. இந்தப் பத்திரத்தில் அது தலைகீழ். எத்தனை பவுண்டு வரும் என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் தவணை முடியும்போது, இன்று இந்தப் பணத்தால் வாங்கக்கூடிய பொருட்களை ஏறத்தாழ அப்போதும் வாங்க முடியும்.

ஒவ்வொரு முதலீட்டு ஆண்டின் முடிவிலும் விலைக் குறியீடு எவ்வளவு ஏறியதோ அவ்வளவு தொகை பத்திரத்தில் சேர்க்கப்படும். அடுத்த ஆண்டின் உயர்வு இந்தக் கூடிய தொகையின் மேல் கணக்கிடப்படும், அதாவது கூட்டு வட்டி மாதிரி. 10,000 பவுண்டுக்கு முதல் ஆண்டு 3 சதவீதம் ஏறினால் 10,300. இரண்டாம் ஆண்டு 4 சதவீதம் ஏறினால் 10,712. அந்த 0.01 சதவீதம் பத்தாயிரத்துக்கு ஆண்டுக்கு 1 பவுண்டு, கணக்கில் அதை மறந்துவிடலாம்.

இதில் கிடைக்கும் உயர்வுக்கு பிரித்தானியாவில் வருமான வரியும் இல்லை, மூலதன ஆதாய வரியும் இல்லை. முழுத் தொகைக்கும் கருவூலமே உத்தரவாதம். வங்கி வைப்புகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு வங்கியில் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. அது 85,000 பவுண்டாக இருந்து 2025 டிசம்பரில் 1,20,000 ஆனது. என்எஸ்ஐ பணத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

எங்கிருந்து வந்தது இது

1975 ஆகஸ்டில் பிரித்தானியாவில் சில்லறை விலைப் பணவீக்கம் 26.9 சதவீதத்தைத் தொட்டது. ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்களின் சேமிப்பு கண்ணெதிரே கரைந்தது. அந்த ஆண்டுதான் ஓய்வூதிய வயதைத் தொட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பத்திரம் அறிமுகமானது. மக்கள் அதைப் பாட்டிப் பத்திரம் என்ற பொருளில் 'கிரானி பாண்ட்' என்று அழைத்தார்கள். 1981இல் எல்லா வயதினரும் வாங்கலாம் என்றானது.

2010 ஜூலையில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2011 மே மாதம் ஐந்தாண்டுத் தவணையில், சில்லறை விலை உயர்வுக்கு மேல் 0.5 சதவீதம் என்று மறுபடி திறந்தார்கள். செப்டம்பரிலேயே மூடிவிட்டார்கள். அதன்பிறகு புதிதாக யாரும் வாங்க முடியவில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தவணை முடியும்போது புதுப்பிக்கலாம், அவ்வளவுதான். எடுத்த பணத்தை மறுபடி உள்ளே போட வழி இல்லை. புதுப்பிக்கும் முடிவை இவ்வளவு கனமாக்குவதும் இதுதான்.

குறியீடு மாறியதால் என்ன ஆனது

2019 மே 1 முதல் புதுப்பிக்கப்படும் பத்திரங்கள் சில்லறை விலைக் குறியீட்டைப் பின்பற்றுவதில்லை, நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பின்பற்றுகின்றன. பார்க்கச் சின்ன மாற்றம்தான், விளைவு சின்னதல்ல.

இரண்டும் பொருட்களின் விலையைத்தான் அளக்கின்றன. ஆனால் சில்லறைக் குறியீடு வீட்டுக் கடன் வட்டியையும் கவுன்சில் வரியையும் சேர்த்துக்கொள்கிறது. அதோடு விலைகளைச் சராசரி எடுக்கும் முறை காரணமாகவே அது உயர்வைக் கூட்டிக் காட்டும். இந்தக் குறைக்காகத்தான் 2013இல் அது தேசியப் புள்ளிவிவரம் என்ற தகுதியை இழந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் அது நுகர்வோர் குறியீட்டைவிட மேலே நிற்கும். 2022 அக்டோபரில் நுகர்வோர் குறியீட்டின்படி பணவீக்கம் 11.1 சதவீதம், சில்லறைக் குறியீட்டின்படி 14.2.

ஒரு சதவீத வித்தியாசம் என்று வைத்துக் கணக்கிடுவோம். 10,000 பவுண்டு ஐந்து ஆண்டுகள் 4 சதவீதத்தில் வளர்ந்தால் 12,167. 3 சதவீதத்தில் வளர்ந்தால் 11,593. வித்தியாசம் 574 பவுண்டு. பழைய பத்திரம் எவ்வளவு நன்றாக வளர்ந்தது என்ற நினைவை வைத்துப் புதுப்பிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இப்போது கிடைப்பது பழைய ஒப்பந்தம் அல்ல. முன்பு விலைவாசியைக் கொஞ்சம் முந்திய சேமிப்பு இப்போது விலைவாசியோடு கூடவே நடக்கிறது.

ஒப்பிட வேண்டியது எதை?

நிலையான வட்டி தரும் வங்கிப் பத்திரத்தை இதோடு ஒப்பிடும்போது, இன்றைய வட்டியை இன்றைய பணவீக்கத்தோடு ஒப்பிடுவது பயன்படாது. இன்று அறிவிக்கப்படும் பணவீக்கம் கடந்த பன்னிரண்டு மாதக் கதை. உங்களுக்குக் கிடைக்கப்போவது வரும் ஆண்டுகளின் உயர்வு. எனவே கேள்வியை இப்படி வைக்க வேண்டும்: வரும் ஐந்து ஆண்டுகளில் பணவீக்கம் சராசரியாக எவ்வளவு இருந்தால் இரண்டும் சமமாகும்?

இந்தச் சமன் புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிது. வங்கி தரும் வட்டியிலிருந்து நீங்கள் கட்டும் வரியைக் கழித்தால் வருவதுதான் அது. கணக்குக்காக வங்கி ஐந்தாண்டுக்கு 4.5 சதவீதம் தருகிறது என்று வைப்போம்.

1. வட்டிக்கு வரியே கட்டாதவருக்குச் சமன் புள்ளி 4.5 சதவீதம். பணவீக்கம் சராசரியாக அதற்கு மேல் போனால்தான் அவருக்குப் பத்திரம் லாபம்.

2. 20 சதவீத வரி கட்டுபவருக்கு 3.6.

3. 40 சதவீத வரி கட்டுபவருக்கு 2.7.

4. 45 சதவீதம் கட்டுபவருக்கு ஏறக்குறைய 2.5.

2027 ஏப்ரல் முதல் சேமிப்பு வட்டிக்கான வரி ஒவ்வொரு படியிலும் 2 புள்ளி ஏறுகிறது: 22, 42, 47 சதவீதம். அதன்பின் இந்த எண்கள் முறையே 3.51, 2.61, 2.39 ஆகக் குறையும். வரி ஏற ஏற, வரியில்லாத பத்திரத்தின் மதிப்பும் ஏறுகிறது.

நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் பணவீக்க இலக்கு 2 சதவீதம். அதை நம்பினால் மேலே உள்ள எல்லோரும் பணத்தை எடுத்து வங்கியில் போட வேண்டும். ஆனால் அந்த இலக்கு எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதை அண்மைக் காலமே காட்டிவிட்டது. நுகர்வோர் குறியீட்டின் ஆண்டுச் சராசரி 2020இல் 0.9, 2021இல் 2.6, 2022இல் 9.1, 2023இல் 7.3, 2024இல் 2.5 சதவீதம். ஐந்தையும் கூட்டு முறையில் சேர்த்தால் விலைகள் 24 சதவீதம் ஏறியிருக்கின்றன. 2020 தொடக்கத்தில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி வெறும் 0.75 சதவீதம். அப்போது ஒருவர் ஆண்டுக்கு 2 சதவீதத்தில் ஐந்தாண்டுக்குப் பணத்தைப் போட்டார் என்றாலும், வரிக்கு முன் அவருக்குக் கிடைத்தது 10.4 சதவீதம்தான். அவர் பணத்தின் வாங்கும் சக்தியில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது.

மறுபக்கமும் உண்டு. 2014, 2015, 2016 மூன்று ஆண்டுகளின் சராசரிகள் 1.5, 0.0, 0.7. இந்தக் குறியீட்டில் இணைந்திருந்தால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பது 2.2 சதவீதம். பத்திரம் அப்போதும் தன் வேலையைச் செய்திருக்கும், ஏனென்றால் விலையும் ஏறவில்லை. ஆனால் பக்கத்தில் நிலையான வட்டி வாங்கியவர் முன்னே போயிருப்பார். விலைகள் இறங்கினாலும் பத்திரத்தின் தொகை குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு காலகட்டங்களையும் பார்த்தால் என் கருத்து தெளிவாகிறது. இது காப்பீடு கலந்த சேமிப்பு. பணவீக்கம் அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் வங்கி வட்டியைவிடக் கொஞ்சம் குறைவாக வாங்குகிறீர்கள், அதுதான் காப்பீட்டுக் கட்டணம். 2022 மாதிரி ஓர் ஆண்டு வரும்போது இழப்பீடு கிடைக்கிறது. அந்தக் கட்டணம் உங்களுக்கு எவ்வளவு விழுகிறது என்பதை மேலே சொன்ன சமன் புள்ளி காட்டுகிறது. 40 சதவீத வரி கட்டுபவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. வரி கட்டாதவருக்கு அதிகம்.

நீங்கள் உண்மையில் வரி கட்டுகிறீர்களா?

பலர் தங்கள் வருமான வரிப் படியை வைத்து "நான் 20 சதவீதம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வட்டிக்கு அது அப்படியே பொருந்தாது.

1. 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வட்டி வரை வரி இல்லை. 40 சதவீதப் படியில் 500. 45 சதவீதப் படியில் எதுவும் இல்லை. 4.5 சதவீத வட்டியில் 1,000 பவுண்டு என்பது சுமார் 22,000 பவுண்டு வைப்பின் வட்டி. வேறு சேமிப்பு அதிகம் இல்லாத 20 சதவீதக்காரர் உண்மையில் வரி கட்டாதவர்தான். அவருடைய சமன் புள்ளி 3.6 அல்ல, 4.5.

2. சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து 17,570 பவுண்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, இதற்கு மேலும் 5,000 பவுண்டு வரை வட்டி வரியில்லாமல் போகலாம். ஓய்வூதியத்தில் வாழும் பெற்றோர் பலர் இதில் வருவார்கள். பத்திரத்தின் வரிவிலக்கு அவர்களுக்குக் கூடுதலாக எதுவும் தருவதில்லை.

3. ஐஸா என்ற தனிநபர் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம், அதன் வட்டிக்கும் வரி இல்லை. 2027 ஏப்ரல் முதல் 65 வயதுக்குட்பட்டவர்கள் ரொக்க ஐஸாவில் 12,000 தான் போட முடியும். இந்த ஆண்டின் ஐஸா வரம்பைத் தொடாதவர், முதிர்ந்த பணத்தை அங்கே மாற்றினால் வரிவிலக்கை இழப்பதில்லை.

4. இது பலர் கண்ணில் படாத ஒன்று. ஐந்தாண்டு வங்கிப் பத்திரத்தின் வட்டியை இடையில் எடுக்கவே முடியாது என்றால், மொத்த வட்டியும் கடைசி ஆண்டின் வருமானமாகக் கணக்காகும். 20,000 பவுண்டு 4.5 சதவீதத்தில் ஐந்து ஆண்டு வளர்ந்தால் வட்டி 4,924. அது ஒரே வரி ஆண்டில் வந்து விழுந்தால் 1,000 பவுண்டு விலக்கு போதாது. இடையில் ஒவ்வோர் ஆண்டும் இருந்த விலக்கு வீணாகிவிடும். வட்டியை ஆண்டுதோறும் தரும் பத்திரத்தைத் தேர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

வீட்டுக் கடன் இருப்பவர்கள் வங்கி வட்டியைவிட முதலில் கடனைப் பார்க்க வேண்டும். 4.5 சதவீத வட்டியில் உள்ள கடனை முன்கூட்டி அடைத்தால், அது 4.5 சதவீதம் வரியில்லாமல் சம்பாதித்ததற்குச் சமம், அதுவும் உறுதியாக. 40 சதவீத வரி கட்டுபவருக்குக்கூட இங்கே சமன் புள்ளி 4.5க்கு ஏறிவிடுகிறது. நிலையான வட்டிக் காலத்தில் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் அடைத்தால் பல கடன்களில் கட்டணம் உண்டு, அதை மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் எப்போது தேவை?

2012 செப்டம்பருக்கு முன் வாங்கிய அல்லது புதுப்பித்த பத்திரங்களை, அந்தத் தவணையின் முதலாண்டு கழிந்ததும் எடுத்தால் பெரிய இழப்பு இருந்ததில்லை. அந்த நினைவில் இருப்பவர்கள் இன்னும் பலர். இப்போது விதி வேறு. தவணைக்கு இடையில் எடுத்தால், எடுக்கும் தொகைக்கு 90 நாள் வட்டிக்குச் சமமான அபராதம். அதோடு அந்த முதலீட்டு ஆண்டின் விலைவாசி உயர்வும் போய்விடும். ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது எடுத்தால் பதினோரு மாத உயர்வை இழக்கிறீர்கள். வேறு வழியில்லாமல் இடையில் எடுக்க நேர்ந்தால், முடிந்தவரை ஆண்டு நிறைவு நாள் கடந்ததும் எடுப்பது நல்லது.

எனவே வீட்டு முன்பணம், பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவு, கல்யாணம் என்று தேதி தெரிந்த செலவு இருந்தால் ஐந்தாண்டுத் தவணைக்குப் போக வேண்டாம். புதுப்பிக்கும்போது பழைய தவணையையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, குறைந்த தவணையைக் கேட்கலாம். அவசரச் செலவுக்கான பணத்தை இதில் பூட்டவே கூடாது.

திரும்ப வர முடியாது என்பதற்கு என்ன விலை?

வெளியே போனால் உள்ளே வர முடியாது என்பதால், கையில் இருப்பதை விடவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. இன்று வங்கி வட்டி நன்றாக இருக்கிறது என்று வெளியேறினால், மூன்று ஆண்டு கழித்து வட்டி 1 சதவீதத்துக்கு இறங்கிப் பணவீக்கம் 5க்கு ஏறும்போது ஒதுங்க இடம் இருக்காது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதமாக இருந்தபோது இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2.25 சதவீதம்தான். பெரும்பாலான சேமிப்பாளர்களுக்கு அன்று ஓடிப் போக இடமில்லை.

ஆனால் கிடைக்காத பொருள் என்பதாலேயே ஒன்றை மதிப்புள்ளதாக நினைக்கக் கூடாது. இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் பாதுகாப்பான சேமிப்பாகவே வைத்திருக்கப்போகும் பணத்துக்குத்தான் அந்த வாய்ப்பு பயன்படும். எப்படியும் மூன்று ஆண்டில் செலவாகப்போகும் பணத்துக்கு, திரும்ப வரும் உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

விலைவாசியோடு இணைந்த வேறு வழியே இல்லை என்பதும் சரியல்ல. 1981 முதல் பிரித்தானிய அரசு விலைவாசி இணைப்புக் கடன் பத்திரங்களை வெளியிட்டு வருகிறது. தரகர் வழியாக யாரும் வாங்கலாம், மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் இவற்றின் சந்தை விலை ஏறி இறங்கும். 2022இல் நீண்ட காலப் பத்திரங்கள், விலைவாசி எகிறிக்கொண்டிருந்தபோதே, மிகக் கடுமையாக விழுந்தன. சந்தை வட்டி ஏறியதுதான் காரணம். குறைந்த காலப் பத்திரத்தை வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு இந்த ஆட்டம் பெரிதாகப் பாதிக்காது. இவை சில்லறைக் குறியீட்டைப் பின்பற்றுகின்றன, ஆனால் 2030 பிப்ரவரியில் அந்தக் குறியீட்டின் கணக்கு முறையும் மாற்றப்பட இருக்கிறது. விலைகள் இறங்கினால் தொகை குறையாது என்ற பாதுகாப்பும் இவற்றில் இல்லை. சேமிப்புப் பத்திரத்துக்கு இது முழு மாற்று ஆகாது, ஆனாலும் கதவு மொத்தமாக அடைபடவில்லை.

அப்படியானால் யார் என்ன செய்யலாம்

40 சதவீதம் அல்லது அதற்கு மேல் வரி கட்டுபவர், ஐஸா வரம்பை ஏற்கெனவே நிரப்பிவிட்டார், வீட்டுக் கடன் இல்லை, ஐந்து ஆண்டுக்குப் பணம் தேவையில்லை. இவர் புதுப்பிக்கலாம், தயங்கக் காரணமே இல்லை.

வரி கட்டாதவர், ஐஸாவில் இடம் இருப்பவர், கடன் இருப்பவர் இவர்களுக்கு நல்ல நிலையான வட்டி கிடைக்கும் காலத்தில் பணத்தை எடுப்பதே பெரும்பாலும் லாபம். வட்டி பணவீக்கத்துக்குக் கீழே கிடக்கும் காலத்தில் இது மாறும், அப்போது இவர்களுக்கும் பத்திரம்தான் மேல்.

இரண்டுக்கும் நடுவே இருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் முழுவதையும் ஒரே பக்கம் தள்ள வேண்டியதில்லை. ஒரு பகுதியை எடுத்து, மீதியைப் புதுப்பிக்கலாம். வெவ்வேறு நாட்களில் முதிரும் பல பத்திரங்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு எடுக்கலாம். வரியில்லா விலக்கு தீரும் வரை வங்கியிலும் ஐஸாவிலும் போட்டு, அதற்கு மேல் உள்ளதைப் பத்திரத்தில் விடுவது எனக்கு மிகவும் நியாயமாகத் தெரிகிறது. ஏனென்றால் வரியில்லா இடம் நிரம்பிய பிறகு வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும்தான் இந்தப் பத்திரத்தின் வரிவிலக்கு வேலை செய்கிறது.

ஊருக்குத் திரும்பிப் போய்க் குடியேறும் திட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரி இல்லை என்பது பிரித்தானிய வரி இல்லை என்பது மட்டுமே. குடியேறும் நாடு இந்த உயர்வை வருமானமாகக் கருதி வரி கேட்கலாம். அதேபோல், வருமான வரி இல்லை என்பதால் வாரிசு வரியும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. உரிமையாளர் இறந்தால் பத்திரம் அவருடைய சொத்துக் கணக்கில் சேரும்.

கடிதத்துக்குப் பதில்

முதிர்வு நாளுக்கு முன் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பத்திரம் அதே நீளத் தவணைக்குத் தானாகவே புதுப்பிக்கப்படும். ஐந்தாண்டுப் பத்திரம் என்றால் இன்னுமோர் ஐந்தாண்டு, மேலே சொன்ன அபராத விதிகளோடு. பழைய வீட்டு முகவரிக்குக் கடிதம் போய்க்கொண்டிருந்தால் இந்த முடிவு உங்களைக் கேட்காமலே நடந்துவிடும். வயதான பெற்றோரின் பெயரில் பத்திரம் இருந்தால் முதிர்வுத் தேதியை இப்போதே கேட்டுக் குறித்துவைத்து, என்எஸ்ஐயிடம் இருக்கும் முகவரி சரிதானா என்றும் பார்த்துவிடுங்கள்.